எழுபத்துநான்காம் இலக்கக்காரனின் நடை

1

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு லூயிஷாம் வீட்டுக்கு வந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. பிரிண்டரின் வாயில் ஒரு தாள் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் டிலானி பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கடிதம் அது. இந்த நாட்டில் மதிப்பெண் மட்டும் போதாது. தான் யார், இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறேன் என்று பிள்ளைகள் ஒரு பக்கம் எழுத வேண்டும். அவள் கேட்டிருந்தது பிசியோதெரபி.

சப்பாத்தைக் கழற்றாமலே நின்று வாசித்தேன். இரண்டாவது பந்தியில் என் மனைவியின் தம்பி அருள் வந்தான். ஒரு மனித உடம்பு எப்படி நிற்கிறது, பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு எப்படி மாற்றுகிறது என்று பார்க்கத் தனக்குப் பழக்கியவர் மாமாதான் என்று எழுதியிருந்தாள். மூன்றாவது பந்தியிலும் மாமா. நான்காவது பந்தியின் கடைசியில், "என் குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் வேலை செய்கிறார்" என்று ஒரு வரி.

அந்த ஒருவர் நான். பதினான்கு வருடங்களாக ஒரு மருத்துவமனையில் போர்ட்டர் வேலை. கட்டிலில் கிடப்பவர்களை எக்ஸ்ரேக்கும் ஒப்பரேஷன் அறைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். நடக்க முடியாதவர்களை நான் பார்த்த அளவு அருள் பார்த்திருக்க மாட்டான். அவன் வால்தம்ஸ்டோவில் வீடுகளைச் சூடாக்கும் பொய்லர் பூட்டுகிறவன்.

தாளை இருந்தபடியே வைத்துவிட்டுத் தேநீர் போட்டேன். சீனி போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

லண்டன் சீவியத்தைப் பற்றி எழுதச் சொல்லி ஊரிலிருந்து நண்பர்கள் கேட்கிறார்கள். பத்தொன்பது வருடங்களில் குளிரைப் பற்றியும் விசாவைப் பற்றியும் போதிய அளவு எழுதிவிட்டேன். இந்த வருடம் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். அதில் என்னைப் பற்றி நல்லதாக அதிகம் இல்லை.

2

அருள் பதினாறு வயதில் தனியாக ஜெர்மனிக்குப் போனவன். அகதிகளை வைத்திருந்த விடுதிக்குப் பக்கத்தில் அமெரிக்க இராணுவ முகாம் ஒன்று இருந்தது. அதன் சமையலறையில் கோப்பை கழுவப் போனான். ஆள் பெரிய உருவம், கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். உருளைக்கிழங்கு மூட்டைகளை இரண்டிரண்டாகத் தூக்கியதைப் பார்த்த ரொய் என்ற சிப்பாய் அவனை அந்த ஊர் அமெரிக்க ஃபுட்போல் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். பதினொரு வருடங்கள் அங்கே விளையாடினான். பிறகு கலியாணம் கட்டி, அது சரிவராமல் பிரிந்து, ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு வந்து சேர்ந்தான்.

இது நாங்கள் விளையாடிய உதைபந்தாட்டம் இல்லை. பந்து முட்டை வடிவம், கையால் எறிவார்கள். எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாகக் குந்தி நிற்பார்கள். எதிரணிக்காரன் பாய்ந்து வந்து எறிகிறவனை வீழ்த்தாமல் மறிப்பதுதான் அவர்களுடைய முழு வேலையும். பந்து அவர்கள் கைக்கு வராது. அவர்கள் பெயரை ஒருவரும் கத்த மாட்டார்கள். இந்த ஐவருக்கும் ஒஃபென்சிவ் லைன், அதாவது தாக்குகிற பக்கத்து வரிசை, என்று பெயர்.

அந்தப் பெயரை முதலில் கேட்டபோது நான் வேறு விதமாக விளங்கிக்கொண்டேன். எங்கள் மருத்துவமனைச் சுவர்களில், ஊழியர்களிடம் ஒஃபென்சிவ் வார்த்தை பேசுகிறவர்கள் வெளியேற்றப்படுவார்கள் என்று ஒட்டியிருக்கும். ஆகவே எதிரணிக்காரரைத் தூஷணத்தால் திட்டுவதற்கென்று ஐந்து பேரை நிறுத்துகிறார்கள் என்று நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் அப்படிக் கேட்டும்விட்டேன். அருளும் டிலானியும் சிரித்த சிரிப்பில் என் மனைவி ரஜனியும் சேர்ந்துகொண்டாள். அவளுக்கும் கருத்துத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் ஒவ்வொரு ஏப்ரலும் பெரிய கழகங்கள் பல்கலைக்கழக அணிகளிலிருந்து ஆட்களை முறை வைத்து எடுக்கும். போன பருவத்தில் மோசமாகத் தோற்ற கழகத்துக்கு முதல் முறை. எந்தக் கழகம் பெயரைக் கூப்பிடுகிறதோ அங்கேதான் பையன் போகலாம். இதை டிராஃப்ட் என்கிறார்கள். எவன் தேறுவான், எவன் தேற மாட்டான் என்று முன்கூட்டியே எழுதி, அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்ட ரொய் வருடாவருடம் ஒரு கையேடு வெளியிடுகிறான். பந்தைத் தொடுகிறவர்களைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய. அந்த ஐவரைப் பார்க்கத்தான் ஆள் கிடையாது. அதனால் அமெரிக்காவிலிருந்து அருளுக்கு டிவிடிகள் வரும். அவன் ஒவ்வொரு பையனையும் பார்த்து அறிக்கை எழுதி அனுப்புவான்.

அவனுடைய ஆங்கிலம் ஜெர்மன் எலும்பில் போர்த்திய ஆங்கிலம். போன வருடக் கடைசியில் அதைத் திருத்தித் தர ஆள் தேடினான். டிலானி போனாள். அதோடு அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டன. பூசை முடிந்ததும் ரயில் ஏறிவிடுவாள்.

3

நவம்பரில் ஒரு ஞாயிறு பின்னேரம் அவளைக் கூட்டிவரப் போனேன். அருளின் வீட்டில் ஒரு பழைய பெட்டி டிவி. அதன் மேல்பாதியை மறைத்து ஒரு நீலத் துவாய் தொங்கியது. கீழ்ப்பாதியில் கால்கள் மட்டும் தெரிந்தன. அருளும் என் மகளும் தரையில் சம்மணம் கட்டியிருந்து அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்கோ மாமா, பிந்திட்டுது. வலது கால் முதல்ல போகுது" என்றாள் டிலானி.

"எத்தினையாம் தரம்?"

"நாலு."

"எழுது பிள்ளை."

நான் வாசலில் நின்றபடி, "உதென்ன துவாய்?" என்று கேட்டேன்.

"மேல பாத்தா எல்லாரும் கெட்டிக்காரர் அத்தான்" என்றான் அருள். "முகத்தை இறுக்குவாங்கள், கையை வீசுவாங்கள். முழங்காலில வளையிறானோ, இடுப்பில வளையிறானோ எண்டு கீழ பாத்தாத்தான் தெரியும். இடுப்பில வளையிறவன் தள்ளினா விழுந்திடுவான்."

டிலானி திரும்பிப் பார்க்காமலே, "அப்பா, ஷூஸ்" என்றாள். கம்பளத்தில் சப்பாத்தோடு நிற்கிறேனாம். அன்றைக்கு அவள் என்னோடு பேசியது அவ்வளவுதான். திரும்பி வரும்போது ரயிலில் காதுக்குள் வயரைச் செருகிக்கொண்டாள்.

வீட்டில் என்னோடு அவளுடைய பேச்சு, "ஓகே அப்பா", "வாறன் அப்பா", "சாப்பிட்டன் அப்பா". அந்தத் தரையிலோ வாய் ஓயவில்லை. பாதத்தின் எந்தப் பக்கம் ஊன்றுகிறது, கை நெஞ்சுக்கு உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு தமிழ் அவளிடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. மாமாவோடு பேசுவதற்காக எங்கிருந்தோ பொறுக்கிச் சேர்த்திருந்தாள்.

ஊரில் என்னை அறிந்தவர்கள் இதை வாசித்தால் சொல்வார்கள். எங்கள் கோயில் பங்கின் உதைபந்தாட்டக் கழகத்தில் நான் ஒன்பது வருடம் பின்வரிசையில் விளையாடினேன். பிறகு தெரிவுக்குழுவில் மூன்று பேரில் ஒருவனாக இருந்தேன். சனிக்கிழமை பின்னேரங்களில் கோயில் மண்டபத்தில் பெயர்ப்பட்டியல் எழுதும்போது கடைசியாக என்னைத்தான் கேட்பார்கள். மகனைச் சேர்க்கச் சொல்லித் தகப்பன்மார் சைக்கிளில் என் வேலைத்தலத்துக்கு வந்து நிற்பார்கள். எனக்கு ஒரு வழி இருந்தது. ஆட்டத்தை அதிகம் பார்க்க மாட்டேன். ஆட்டம் நின்றபின் ஆள் திரும்பித் தன் இடத்துக்கு நடப்பதைப் பார்ப்பேன். விளையாடும்போது எந்த நோவையும் மறைக்கலாம். பந்து வெளியே போனபிறகு நடக்கும் இருபது அடியில் மறைக்க முடியாது.

இதை டிலானியிடம் இரண்டு முறை சொல்லத் தொடங்கினேன். முதல் முறை அவளுடைய ஃபோன் அடித்தது. இரண்டாம் முறை, "மாமாவும் அப்பிடித்தான் சொல்லுவார்" என்றாள். அருள் அப்படிச் சொன்னதே இல்லை. அவள் நான் சொன்னதைச் சரியாகக் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு நான் சொல்ல முயலவில்லை.

4

பெப்ரவரி தொடக்கத்தில் பெரிய பனி கொட்டியது. பஸ் இல்லை, ரயில் இல்லை. லண்டனில் பாதி வீடுகளின் பொய்லர்கள் ஒரே கிழமையில் நின்றன போல. அருளுக்குச் சாப்பிட நேரமில்லை. டிலானிக்குப் பள்ளிக்கூடப் பரீட்சை வேறு. அதனால் அவள் டிவிடிகளையும் குறிப்புப் புத்தகத்தையும் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தாள்.

அந்தக் கிழமை இரண்டு பகல்கள் நான் மட்டும் வீட்டில் இருந்தேன். என்னதான் இருக்கிறது இதில் என்று ஒன்றை எடுத்துப் போட்டேன். குறிப்புப் புத்தகத்தில் ஒரு பெயருக்கு மூன்று கோடு கீறியிருந்தது. வெஸ்லி என்ற பையன். இலக்கம் எழுபத்துநான்கு. தெற்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடதுபுறம் நிற்கிறவன். அவனுடைய மூன்று ஆட்டங்கள் இருந்தன. முதலாவது செப்டெம்பரில் நடந்தது, கடைசி நவம்பரில்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு மோதலும் ஐந்தாறு செக்கன்தான். பிறகு அரை நிமிடம் எல்லாரும் எழும்பி நடந்து, கூடி, திரும்ப வந்து நிற்பார்கள். அருளும் டிலானியும் அந்த அரை நிமிடத்தை வேகமாக ஓட்டிவிடுவார்கள். எனக்கு ரிமோட்டில் அந்தப் பொத்தான் எதுவென்று தெரியவில்லை. ஆகவே முழுவதையும் பார்த்தேன். மோதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடையைப் பார்த்தேன்.

செப்டெம்பரில் பையன் நேராக நடந்தான். ஒக்டோபரில் இடது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியது. நவம்பரில் அவன் விழுந்து எழும்பிய ஒவ்வொரு முறையும் வலது கையை வலது முழங்காலில் ஊன்றித்தான் எழும்பினான். நடக்கும்போது இடது பக்கம் இடுப்பு திறக்கவில்லை. முழுக்காலையும் ஒரு பலகை போலத் தூக்கி வைத்தான். மோதல் தொடங்கியதும் ஒன்றுமே தெரியாது. எருமை மாதிரி நிற்பான். முடிந்ததும் அதே பலகை.

இடுப்பு மூட்டு மாற்றக் காத்திருப்பவர்களைப் பதினான்கு வருடங்களாகத் தள்ளியிருக்கிறேன். சக்கர நாற்காலியிலிருந்து அவர்கள் எப்படி எழும்புவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். இருபத்திரண்டு வயதுப் பையன் அப்படி எழும்பினான்.

குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். "காயம் எதுவும் இல்லை. மூன்று வருடத்தில் ஓர் ஆட்டமும் தவறவிடவில்லை. கால் சுத்தம். முதல் நாளிலேயே எடுக்கப்படுவான்" என்று டிலானியின் கையெழுத்தில் இருந்தது. அவள் எழுதிக்கொடுப்பவள், தீர்ப்பு அருளுடையது என்று நான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்பதை இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

டிவிடியை உறையில் போட்டேன். புத்தகத்தைக் கிடந்த கோணத்திலேயே வைத்தேன். ரஜனி வேலையால் வந்தாள். டிலானியும் வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கீழ்ப்பாதியைத்தானே பார்க்கிறான், பார்க்கட்டும். அமெரிக்காவில் எல்லாரும் அவனுடைய பிழையைப் பார்க்கட்டும். அந்தக் கிழமை முழுக்க நான் கட்டில் தள்ளும்போது வாய்க்குள் பாட்டு வந்தது. வார்டில் இருந்த தாதி ஒருத்தி, லொத்தர்ச் சீட்டு விழுந்ததா என்று கேட்டாள்.

5

மார்ச்சில் டிலானியின் படிப்புச் செலவுக்கான விண்ணப்பம் திரும்பி வந்தது. எங்கள் பெயர் முறை இங்கே ஒருவருக்கும் விளங்காது. நான் மரியதாஸ். என் தகப்பனின் பெயர் சூசைப்பிள்ளை. ஆகவே பாஸ்போர்ட்டில் என் குடும்பப் பெயர் சூசைப்பிள்ளை. மகளின் குடும்பப் பெயர் மரியதாஸ். இரண்டும் பொருந்தவில்லை, நீங்கள் இவரின் தகப்பன் என்பதற்கு ஆதாரம் அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள்.

தொலைபேசி எடுத்து அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். அந்தப் பக்கத்துப் பெண் பொறுமையானவள். "மகளின் கடைசிப் பெயர் உங்கள் முதற்பெயர் என்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் கடைசிப் பெயர் யாருடையது?" என்று மூன்று தரம் கேட்டாள். கடைசியில் பிறப்புச் சான்றிதழின் பிரதியை அனுப்பினேன். தபால்கந்தோர் வரிசையில் நிற்கும்போது, இதே கேள்வியை டிலானியிடம் கேட்டால் யாரைக் காட்டுவாள் என்று நினைப்பு ஓடியது.

ஏப்ரல் முதற்கிழமை ரொய்யின் கையேடு தபாலில் வந்தது. டிலானி அதைத் தாயிடம் கொண்டு ஓடினாள். "அம்மா, லுக், என்ர பேர்" என்றாள். வெஸ்லியின் பக்கத்தில், அடியில், சிறிய எழுத்தில், எழுதியவர் டிலானி மரியதாஸ் என்று அச்சடித்திருந்தது.

"மாமா இந்த ஒரு ஆளை முழுக்க என்னட்ட விட்டவர். நான் சொன்னதில ஒரு சொல்லும் மாத்தேல்லை" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

ரஜனி புத்தகத்தை என் கையில் தந்தாள். என் பெயர்தான் அங்கே மகளின் பெயருக்குப் பின்னால் நின்றது. நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்லம்" என்றேன்.

டிராஃப்டுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. சொல்லியிருக்கலாம். ரொய் திருத்தங்களை இணையத்தில் போடுவான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்போது சொன்னால், பெப்ரவரியிலேயே தெரிந்தும் சொல்லாமல் இருந்ததையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளினேன்.

அந்த ஏப்ரல் எங்களுக்கு என்ன ஏப்ரல் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரஜனிக்கும் அருளுக்கும் மூத்தவர் தேவி அக்கா பிள்ளைகளோடு வன்னியில், சண்டைக்குள். ஜனவரிக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. இங்கே நாடாளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் சனம் போரை நிறுத்தச் சொல்லி இராப்பகலாக நின்றது. ரஜனி வேலை முடிந்து நேரே அங்கே போவாள். அருள் வேனில் தண்ணீர்ப் போத்தல்கள் கொண்டுவந்து இறக்குவான்.

ஏப்ரல் நடுவில் ஒரு சனிக்கிழமை நானும் போயிருந்தேன். போத்தல்களை இறக்கிவிட்டு வேனுக்குப் பக்கத்தில் அருளும் டிலானியும் நின்று மெல்லிய குரலில் ஏதோ பையனின் கால் வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அருகே போய், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அங்க அக்கா உயிரோட இருக்கிறாவோ எண்டு தெரியாது. உனக்கு அமெரிக்கன்ர கால்தானோ பெரிசு?"

அருள் வேன் கதவைச் சாத்தினான். பிறகு, "வீட்ட போனா நான் தனிய அத்தான்" என்றான். "சும்மா இருந்தா அக்காவும் பிள்ளையளும்தான் கண்ணுக்குள்ள நிக்கினம். எங்கயாவது கண்ணை வைக்கத்தானே வேணும்."

டிலானி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தேவி அக்காவுக்காக நான் அதைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

6

டிராஃப்ட் இரண்டு நாள். முதல் நாளில் வெஸ்லியின் பெயர் வரவில்லை. அடுத்த நாள் ஞாயிறு, டிலானி வால்தம்ஸ்டோவுக்கு வெளிக்கிட்டபோது நானும் கோட்டை எடுத்தேன்.

"நீங்க ஏன் வாறியள்?"

"சும்மா."

விக்டோரியாவில் மாறி, கடைசி நிலையம் வரை போனோம். அவள் விரல் நகத்தைக் கடித்தபடி வந்தாள்.

மூன்று மணியிலிருந்து டிவியில் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. அருள் ஒவ்வொரு பெயரையும் கையேட்டில் பென்சிலால் வெட்டினான். வெஸ்லிக்குக் கீழே அவர்கள் போட்டிருந்த பையன்கள் எல்லாரும் ஒவ்வொருவராகப் போனார்கள். நான்கு மணிக்கு டிலானி, "இப்ப வரும்" என்றாள். ஐந்து மணிக்கும் சொன்னாள். ஆறு மணிக்குச் சொல்லவில்லை. துவாய் டிவியின் மேல் மடித்துக் கிடந்தது. நான் கதிரையில் இருந்து அவளுடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறரைக்கு அருளின் தொலைபேசி அடித்தது. ரொய். அருள் நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். கழகங்களின் வைத்தியர்கள் பரிசோதித்தபோது பையனின் இடது இடுப்பு மூட்டு கெட்டுப்போயிருந்ததாம். எல்லாக் கழகமும் அவனுடைய பெயரை வெட்டிவிட்டதாம். வேறு இரண்டு கையேடுகளில் ஏதோ சந்தேகம் என்றாவது எழுதியிருந்தார்களாம். எங்களுடையதில்தான் கால் சுத்தம் என்று இருந்ததாம். ரொய்யின் குரல் எனக்கே கேட்டது. அந்தப் பக்கத்தைப் பார்த்தது யார் என்று கேட்டான்.

"நான்தான்" என்றான் அருள் தன் ஜெர்மன் ஆங்கிலத்தில். "பெண் எழுதினாள், அவ்வளவுதான். பார்த்தது நான். பிழை என்னுடையது."

ஃபோனை வைத்துவிட்டு டிலானியின் தலையில் கையை வைத்தான். "விடு பிள்ளை. கடைசியாப் பாத்து அனுப்பினது நான்தானே."

டிலானி அழுதாள். சின்ன வயதில் அழுதது போல, வாயைத் திறந்து அழுதாள். அழுதுகொண்டே மாமாவின் தோளில் சாய்ந்தாள்.

எனக்கு அப்போது வந்ததும் பொறாமைதான். அந்தப் பழியையும் அவனே தூக்கிக்கொண்டான். அவளைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்ல வேண்டிய இடத்திலும் அவன் எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டான். மனம் திருந்தி உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படி இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

"அந்தப் பொடியன்ர இடுப்பு. இடது பக்கம். பெப்ரவரியில பாத்தனான்."

"எங்க?" என்றாள் டிலானி.

நவம்பர் ஆட்டத்தைப் போடச் சொன்னேன். முதல் மோதல் முடிந்ததும் அவளுடைய கை பழக்கத்தில் ரிமோட்டுக்குப் போனது. "ஓட்டாத. அப்பிடியே விடு" என்றேன். எழுபத்துநான்கு எழும்பினான். கையை வலது முழங்காலில் ஊன்றினான். பலகைக் காலை எடுத்து வைத்து நடந்தான். இரண்டாம் முறை டிலானி முன்னால் சாய்ந்தாள். மூன்றாம் முறை அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு "ஓ" மட்டும் வந்தது.

அருள் தன் தலையில் கையை வைத்தான். "நாங்கள் இதை ஓட்டி ஓட்டியெல்லோ பாத்தனாங்கள்" என்றான் மெதுவாக.

டிலானி கண்ணைத் துடைத்தாள். கோபம் வந்தால் அவள் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். அன்றைக்குத் தமிழில் கேட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"மாமா பிழை விடவேணும் எண்டு நினைச்சன். அது உன்ர எண்டு தெரியாது."

"புக் வந்தாப்பிறகு தெரியும்தானே."

"ஓம்."

"அப்பவும் சொல்லேல்லை."

"இல்லை."

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் எழும்பினேன். "இருங்கோ அத்தான், அவள் தனியப் போகட்டும்" என்றான் அருள். அவனுக்கு என்மேல் கோபம் இருந்ததா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்தான். நாங்கள் இருவரும் டிவியில் மிச்சப் பெயர்களைப் பார்த்தோம். ஒருவரும் பென்சிலைத் தொடவில்லை.

7

டிலானி என்னோடு ஏழு கிழமை பேசவில்லை. கதவுத் திறப்பு எங்கே, பாத்ரூமில் ஆர் என்பதையும் தாய் மூலம் கேட்டாள். அந்த ஏழு கிழமைக்குள் ஊரில் எல்லாம் முடிந்துபோனது. ஜூன் தொடக்கத்தில் தேவி அக்கா செட்டிகுளம் முகாமில் இருக்கிறா என்று யாரோ வாசித்த பட்டியலில் இருந்து தெரிந்தது. அக்காவும் மகளும். மகனின் பெயர் பட்டியலில் இல்லை. இன்றுவரை இல்லை. செய்தி வந்த அன்றைக்கு அருள் எங்கள் வீட்டுக்கு வந்து, ரஜனிக்குப் பக்கத்தில் குசினித் தரையில் இருந்தான்.  அவனுக்கு நான் சொன்ன அந்தச் சனிக்கிழமைப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்கோ அத்தான்" என்றான் முன்னமே.

ஜூன் நடுவில் ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது டிலானி படியில் நின்று ஆங்கிலத்தில் சொன்னாள்: "வெஸ்லிக்கு ஒப்பரேஷன் முடிந்துவிட்டதாம். ரொய் சொன்னார்."

"நடக்கிறானோ?"

"ஊன்றுகோலோட."

"எத்தினை கிழமை?"

"ஆறு."

"ஆறு கிழமையில ஊன்றுகோலை விட்டிடுவான்" என்றேன். "சின்ன வயசுதானே." அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். பஸ்சில் போகும்போது யோசித்தேன். பெப்ரவரியிலிருந்து ஜூன் வரை அருளைப் பற்றி யோசித்தேன், மகளைப் பற்றி யோசித்தேன், என்னைப் பற்றி மிக நிறைய யோசித்தேன். அந்த இடுப்போடு மோதிக்கொண்டிருந்த பையனைப் பற்றி ஒரு தரமும் யோசிக்கவில்லை.

செப்டெம்பரில் டிலானி வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அறை வாசலில் பெட்டிகளை இறக்கியபின் தாயைக் கட்டிப்பிடித்தாள், மாமாவைக் கட்டிப்பிடித்தாள். என் தோளை ஒரு கையால் சுற்றிப் பிடித்தாள். இரண்டு கைக்கும் ஒரு கைக்கும் உள்ள வித்தியாசத்தை வீடு வரும்வரை ரயிலில் எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஒக்டோபரில் அருள் தொலைபேசி எடுத்தான். "அத்தான், புது டிவிடி வந்திருக்கு. ஒரு பொடியன்ர நடை எனக்குச் சரியாப் படேல்லை. ஞாயிறு வாறியளோ?" அப்படிக் கேட்க அவனுக்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகவும் அவன்மேல் கொஞ்சம் எரிச்சல் வந்தது. ஆனாலும் போனேன். இப்போது ஞாயிறுகளில் நானும் அந்தத் தரையில் இருக்கிறேன். மோதலை அவன் பார்ப்பான், நடையை நான் பார்ப்பேன். ஆங்கிலம் திருத்த டிலானிக்கு ஈமெயில் போகும்.

போன ஞாயிறு நான்கு மணிபோல என் ஃபோன் அடித்தது. டிலானி.

"அப்பா, மாமா பக்கத்தில நிக்கிறாரோ? அவற்ற ஃபோன் ஓஃப். இந்த முறை ஆர் நல்ல ஆள் எண்டு கேக்கத்தான்."

அருள் என் கைக்கெட்டும் தூரத்தில், ரிமோட்டோடு இருந்தான். அவளுடைய குரல் அவனுக்கும் கேட்டிருக்கும்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "கடைக்குப் போயிட்டார்."

அருள் என்னைப் பார்த்தான். நான் கம்பளத்தைப் பார்த்தேன்.

"ஓ" என்றாள் டிலானி. பிறகு, "அப்ப நீங்க சொல்லுங்கோ அப்பா" என்றாள்.

அருள் படத்தை நிறுத்தினான். சத்தமில்லாமல் எழும்பி, கொளுக்கியிலிருந்து ஜக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே போனான். அவன் படியிறங்கும் சத்தம் முழுதாக ஓய்ந்த பிறகுதான் நான் பேசத் தொடங்கினேன்.